மூக்கரின் வலது கை

மார்ச் 3, செவ்வாய்

இன்றைய நாளிதழில் என்னைப் பற்றி ஒரே ஒரு வரி. அதுவும் தவறு. “மறைந்த பொம்மைக் கலைஞரின் மனைவி, பொம்மைகளுக்கு உடை தைத்துக் கொடுத்தவர்.” நான் ஒரு பொத்தான்கூடத் தைத்ததில்லை. பள்ளியில் சிஸ்டர் என் ஊசியைப் பிடுங்கி வைத்த நாளோடு தையலுக்கும் எனக்கும் இருந்த உறவு முடிந்தது. உடை தைத்தவர் ஒரு தையல்காரர். நான் மூக்கரின் வலது கை. உவமையாகச் சொல்லவில்லை, கை.

நாத்தனார் தொலைபேசியில் குதித்தாள்.

“உங்களப் பத்தி வந்திருக்கே அண்ணி, பார்த்தீங்களா?”

“தப்பா வந்திருக்கு.”

“வந்துச்சுல்ல, அது போதாதா?”

“போதாது.”

மார்ச் 4

நாளிதழுக்கு ஏன் திடீரென்று இந்த அக்கறை என்பதையும் எழுதி வைக்கிறேன். தொலைக்காட்சி நிலையத்தின் கிடங்கில் ‘நிலா விடுதி’ ஒளிநாடா ஒன்று கிடைத்திருக்கிறது. ஒளிபரப்பாகாமலே போன கடைசிப் பகுதி. மற்றவற்றையெல்லாம் அவர்களே அழித்து, மேலே வானிலை அறிக்கையோ என்னவோ பதிந்துவிட்டார்கள். இதை மட்டும் புதுப்பித்து அரங்கில் திரையிடப் போகிறார்களாம்.

நிலாவில் ஒரு விடுதி. கண்டிப்பான காப்பாளர் அம்மாவாக ஒரு நடிகை. தங்கியிருப்பவர்கள் எல்லாம் வேறு கிரகத்துப் பொம்மைகள். அதில் மூக்கர்தான் என் கணவருடைய பொம்மை. பச்சை ஸ்பான்ஜ் உடம்பு, சுரைக்காய் மூக்கு. இவர், என் கணவர், ஊரில் யாரையும் ஒருமையில்தான் அழைப்பார். மூக்கருக்கு மட்டும் ‘அவர், இவர்’ என்று மரியாதை.

இரண்டாவது மாதமே நிறுத்திவிட்டார்கள். பிள்ளைகள் பயப்படுகிறார்கள் என்றார்கள். பெரியவர்கள் இதைப் பிள்ளைகள் சமாசாரம் என்று நினைக்கிறார்கள் என்றும் அவர்களே சொன்னார்கள். அப்படியானால் யார்தான் பார்த்தார்கள்? நான் பார்க்கவில்லை. மேசைக்குப் பின்னால் மண்டியிட்டிருந்தேன்.

மார்ச் 7

கை விஷயத்தை ஒழுங்காக எழுதுகிறேன்.

இவருடைய வலது கை மூக்கரின் தலைக்குள், வாயை அசைக்க. இடது கை மூக்கரின் இடது கைக்குள். மூக்கரின் வலது கைக்கு இன்னொரு ஆள் வேண்டும். முதலில் வைத்த பையன் பாதியில் ஓடிவிட்டான், நான் போனேன். மேசைக்குப் பின்னால், இவர் விலாவில் என் கன்னம் அழுந்த மண்டியிட்டு, கையை மட்டும் மேலே நீட்ட வேண்டும். கேமராவில் விழுவதைக் காட்டும் பெட்டி இவர் கண்ணுக்குத்தான் தெரியும். எனக்குத் தெரிந்தது இவர் சட்டை. ஆகவே மூக்கரின் வசனங்களுக்கு நடுவே தன் சொந்தக் குரலில் முணுமுணுப்பார்: “மதர், தூக்கு... இன்னும்... போதும்.” கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்தவள் என்பதால் நான் ‘மதர்’. எத்தனையோ முறை கண்டித்தேன். கேட்டால்தானே.

அந்த முணுமுணுப்பு ஒலிப்பதிவில் விழக் கூடாது என்று நிலையத்தார் இவரோடு தினமும் சண்டை போடுவார்கள்.

மார்ச் 8

ஒன்றை எழுதவே பிடிக்கவில்லை. எழுதுகிறேன். அவர் குரல் எனக்கு மறந்துவிட்டது.

கடைசி இரண்டு வருடம் தொண்டை அறுவைக்குப் பின் குரலே இல்லை. சிலேட்டில் எழுதிக் காட்டுவார். அதற்கு முன்பு பேசியதை நினைத்துப் பார்த்தால் மூக்கரின் மூக்கடைத்த குரல்தான் வருகிறது. எனக்குத் தாலி கட்டியது மூக்கரா? வீட்டில் யாரும் எதையும் பதிந்து வைக்கவில்லை. இருக்கும்போது யார் பதிகிறார்கள்.

மார்ச் 12

நிலையத்திலிருந்து அனுப்பிய பிரதியை மகள் தன் கைப்பேசியில் போட்டுக் காட்டினாள். தீப்பெட்டி அளவுப் படம். படத்துக்கு அடியில் ஒரே இரைச்சல், வண்டு அடைத்த டப்பா மாதிரி. என் காதுக் கருவி வேறு கீச்சிட்டது.

“இப்படியா ஊருக்கு முன்னாடி காட்டப் போறாங்க?” என்றேன்.

“பழைய டேப்புமா. அது கிடைச்சதே பெரிசு. விடேன்.”

“உங்கப்பா வேலைய அழுக்கோட காட்ட நான் விடமாட்டேன்.”

“இரு, ஹெட்போன் வாங்கிட்டு வரேன். ஒருதடவ ஒழுங்கா கேட்டுட்டு அப்புறம் சொல்லு.”

“அழுக்கைக் கேக்க ஹெட்போன் வேறயா?”

அன்றே நிலையத்துக்கு எழுதினேன். ஒலியை முழுமையாகச் சுத்தம் செய்யாமல் திரையிட என் சம்மதம் இல்லை. அடிக்கோடிட்டேன்.

மார்ச் 20

சம்மதித்துவிட்டார்கள். மகளிடம் சொன்னேன்: கேட்டால்தான் கிடைக்கும்.

மார்ச் 29, ஞாயிறு

திரையிட்டார்கள். சாம்பல் நிறப் புடவை. முன்வரிசை. நாத்தனார் பக்கத்தில்.

ஒலி கண்ணாடி மாதிரி இருந்தது. காப்பாளர் அம்மா, “இன்னுமா தூங்குறீங்க?” என்று கேட்க, மூக்கர், “எங்க கிரகத்துல ராத்திரின்னா நாப்பது வருஷங்க. இப்பத்தான் கண்ணசந்தேன்,” என்றார். அரங்கமே சிரித்தது. நாத்தனார் என் தொடையில் அடித்து அடித்துச் சிரித்தாள். மூக்கர் தலையைச் சொறிந்தார். அது நான். அந்தக் கை எப்போதும் ஒரு நொடி தாமதித்துத்தான் எழுகிறது, யாரோ சொல்வதைக் காதில் வாங்கிக்கொண்டு எழுவதுபோல. அதைப் பார்த்து எனக்கும் சிரிப்பு வந்தது.

முடிந்ததும் ஒலிப்பொறியாளர் வந்தார். நல்ல பிள்ளை.

“திருப்தியாம்மா? நீங்க எழுதின லெட்டருக்காகவே ராப்பகலா உட்கார்ந்தேன். இரைச்சலக்கூட ஈசியா எடுத்துட்டேன். ஆனா அடியில ஒரு ஆம்பளக் குரல் விடாம ஓடிட்டே இருந்துச்சு. ‘மதர் தூக்கு, மதர் இறக்கு’ன்னு. ஒவ்வொண்ணாத் தேடிப் புடிச்சுத் துடைச்சேன். இப்ப ஒரு பொட்டுகூட இல்ல.”

“நன்றி. நேர்த்தியான வேலை,” என்றேன். என் வாய்தான் சொன்னது.

 

மார்ச் 30

நானே. நானேதான். அடிக்கோடு வேற போட்டேனே. அவ ஹெட்போன் வாங்கிட்டு வரேன்னாளே, ஒருதடவ கேட்டுருந்தா என்ன — என்ன குறைஞ்சு போயிருக்கும் எனக்கு? அவ்வளவு நேரமும் கூப்பிட்டுக்கிட்டே இருந்திருக்கார். நான் வண்டுன்னு சொன்னேன்.

மார்ச் 31

மகள் அந்தப் பழைய பிரதியைத் தேடினாள். அதைப் பார்க்க ஒரு வாரம்தான் தவணை கொடுத்திருந்தார்களாம், இப்போது திறக்கவில்லை.

ஏப்ரல் 2

பொறியாளர் தொலைபேசியில் வந்தார். ஒளிநாடா, பிரதி எடுக்க முதல்முறை ஓட்டியபோதே உதிர்ந்துவிட்டதாம். சுத்தம் செய்வதற்கு முந்தைய பிரதி இருக்கலாம், இல்லாமலும் போகலாம். “கேட்டுச் சொல்றேம்மா.”

ஏப்ரல் 6

சொல்லவில்லை.

ஏப்ரல் 9

இன்று கிடங்குப் பொறுப்பாளருக்கு அனுப்பியதன் நகல்:

ஐயா, நான் கேட்டபடியே ‘நிலா விடுதி’யின் ஒலியைச் சுத்தம் செய்து திரையிட்டீர்கள். வேலையில் குறை ஏதும் இல்லை. தவறு கேட்டவளுடையது. அதில் அழுக்கு என்று துடைக்கப்பட்ட குரல் என் கணவருடையது. மூக்கரின் வலது கையை இயக்கிய எனக்கு அவர் சொன்னவை அவை. சுத்தம் செய்வதற்கு முந்தைய பிரதி உங்களிடம் இருந்தால் எனக்கு அது வேண்டும். இரைச்சலோடு வேண்டும். படம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. இல்லையென்றால் இல்லை என்றே தெரிவியுங்கள். தொலைபேசியில் சொல்ல வேண்டாம். என் மகள் எடுத்து, எனக்காக மென்று விழுங்கிச் சொல்வாள். தயவுசெய்து எழுத்தில் பதில் அனுப்புங்கள்.