ஏழாம் பாகத்தில் நான் சொன்ன பொய்

இன்று காலை பூசைக்குச் சந்தனம் அரைத்துக்கொண்டிருந்தபோது உன் டேப்லெட் ஒலித்தது. மாசியில் நீ போன பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும், "பெரியப்பா, இது ஒங்ககிட்டயே இருக்கட்டும்" என்று உன் மகள் அதை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். பூசையறையை ஒட்டிய அலமாரியில், பதிக நூல்களுக்கும் உரை நூல்களுக்கும் நடுவே வைத்திருக்கிறேன். வாரம் ஒருமுறை சார்ஜ் போட்டு வைப்பதைத் தவிர அதைத் தொடுவதில்லை. ஐந்து மாதமாக அதுவும் வாய் திறந்ததில்லை.

கையைத் துடைத்துக்கொண்டு எடுத்துப் பார்த்தேன். நாம் சேர்ந்து பார்த்த ஜப்பானிய வாள்வீரன் தொடரின் கீழே நீ எழுதுவித்த கருத்துக்கு ஒருவர் பதில் எழுதியிருக்கிறார். ஆளின் பெயர் இல்லை. ஒரு பூனையின் படம் மட்டும் இருக்கிறது. "ஐயா, ரெண்டாவது சீசன் வந்துடுச்சி. பாத்தீங்களா? ஒங்க கருத்துக்கு வெயிட்டிங்" என்று கேட்டிருக்கிறார்.

இதற்குப் பதில் எழுதாமல் பூசையில் அமர மனம் வரவில்லை. என்ன எழுதுவது என்ற தெளிவும் இல்லை. ஆகவே முதலில் உனக்கு எழுதுகிறேன்.

பாகூர்ப் பள்ளியில் ஒரே பலகையில் அமர்ந்தவர்கள் நாம். நான் தமிழாசிரியனானேன், கோயில் விழாக்களில் கதை வாசிப்பவனும் ஆனேன். நீ மின்துறையில் கம்பம் ஏறினாய். சாமி கும்பிட நீ கோயிலுக்குள் வந்ததே இல்லை. ஆனால் அம்மன் கோயிலின் பதினெட்டு நாள் போர்க்கதை வாசிப்புக்கு விளக்குச் சரமும் ஒலிபெருக்கியும் கட்ட ஆண்டுதோறும் நீதான் வருவாய். கட்டி முடித்த பிறகும் கம்பத்தின் மேலேயே ஏதோ வேலை இருப்பதுபோல் உட்கார்ந்திருப்பாய். "நீ கீழ ஒக்காந்து படிச்ச, நான் மேல ஒக்காந்து கேட்டேன் புலவரே. மேல இருக்கறவனுக்குத்தான் நல்லா கேக்கும்" என்று பின்னாளில் சொன்னாய். புலவரே என்பது நீ எனக்கு வைத்த கேலிப் பெயர். கோபம் வந்தால் மட்டும் என் உண்மைப் பெயரைச் சொல்வாய்.

சர்க்கரை நோய் உன் இரு கண்களையும் வாங்கிக்கொண்ட பிறகு, பொழுது போகட்டும் என்று உன் மகள் இந்த டேப்பை வாங்கி வந்தாள். அவள் தவளக்குப்பத்தில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறவள். பகலெல்லாம் நீ தனியாக இருந்தாய். கைக்கு எட்டியதையெல்லாம் அழுத்தியதில் அந்தத் தொடர் தமிழ்க் குரலில் பேசத் தொடங்கியிருக்கிறது. எனக்கு ஆள் அனுப்பினாய். "கத்திச் சத்தம் மட்டும் கேக்குது. யாரு வெட்றான், யாரு வெட்டுப்பட்றான்னு தெரியல. நீ வந்து பாத்துச் சொல்லு" என்றாய்.

பொம்மைப் படத்துக்கு உரை சொல்லும் நிலைக்கு நான் இன்னும் இறங்கவில்லை என்று பதில் சொன்னேன். அப்போது நீ கேட்டாய்: "ஒன் கதையில அம்பு பாதி வழியில நெருப்பா மாறுதே, நான் எதனா கேட்டனா?"

அந்த ஞாயிற்றுக்கிழமை தொடங்கினோம். மாலை நான்கு மணி, சர்க்கரை இல்லாத தேநீர், ஒரு பாகம். ஆண்ட தலைவனை இழந்த வீரன் ஒருவன். தலைநகரின் மேல் மேகம் போல் நிற்கும் அயல்கோள் கப்பலொன்று. அதை நோக்கி நடக்கும் அவனோடு ஓர் இரும்பு மனிதன். இறந்துபோன தலைவனின் குரல் அந்த இரும்பு மனிதனின் தலைக்குள் பதிந்திருக்கிறது. தலைவன் மறைந்த பிறகும் அவன் இட்ட சோற்றை மறவாத வீரனைக் கண்டதும், நம் பழம்பாடல்கள் போற்றும் செஞ்சோற்றுக்கடன் இதுவே என்று உனக்கு விரித்துரைத்தேன். நீ பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரி, அந்த இரும்பாளுக்குக் கரண்ட் எங்கேர்ந்து வருது?" என்றாய்.

ஒவ்வொரு பாகம் முடிந்ததும், கீழே பார்வையாளர்கள் எழுதியிருக்கும் கருத்துகளைப் படிக்கச் சொல்வாய். கதையைவிட உனக்கு அதுவே பிடித்தது. ஒருவர் மழையை வரைந்த கையைப் புகழ்ந்திருப்பார். ஒருவர், வாளால் விண்கலத்தை வெட்டுவது எந்த ஊர் நியாயம் என்று சண்டைக்கு நிற்பார். வீரனுக்குக் குரல் கொடுத்தவர் மீன் விற்கிறவர் மாதிரி கத்துகிறார் என்று ஒருவர் எழுதினால், மீன் விற்கிறவர் வீரனாகக் கூடாதா என்று இன்னொருவர் கேட்டிருப்பார். எழுத்தே இல்லாமல் அழும் முகங்களை மட்டும் வரிசையாக இட்டவர்களும் உண்டு. எத்தனை முகம் என்று எண்ணிச் சொல்லச் சொல்வாய். நான் வாசிக்கும்போது முன்னால் அமர்ந்திருக்கும் ஊர் என்ன நினைக்கிறது என்பது ஒருநாளும் எனக்குத் தெரிந்ததில்லை. அவர்கள் கைகூப்பிவிட்டு எழுந்து போய்விடுவார்கள். இங்கே கேட்டவர்கள் எல்லாரும் வாய் திறந்தார்கள். அதை நீ ரசித்தாய். மெல்ல நானும் ரசித்தேன்.

ஏழாம் பாகத்துக்கு இரண்டு நாள் முன்பு உன் மகள் என்னை வாசலில் நிறுத்தி, மருத்துவர் சொன்னதைச் சொன்னாள். இரண்டு சிறுநீரகங்களும் நின்றுகொண்டு வருகின்றன, இனி மாதக் கணக்குதான். "அப்பாகிட்ட சொல்லிடாதீங்க பெரியப்பா" என்றாள். தலையசைத்தேன்.

அந்த ஞாயிறு, இரும்பு மனிதன் இறந்தான்.

வாசிப்பவர்களுக்கு ஒரு முறை உண்டு, நீ அறிவாய். சாவில் வாசிப்பை நிறுத்தக் கூடாது. இளம்வீரன் வியூகத்துக்குள் வீழும் நாளில்கூட, மேலே சென்று ஒரு மங்கலச் சொல்லைத் தொட்ட பிறகே ஏட்டை மூட வேண்டும். கேட்டவர் சாவோடு வீடு திரும்பலாகாது. ஐம்பது ஆண்டுப் பழக்கம் அது. படம் கருந்திரையில் முடிந்தது. என் வாய் முடியவில்லை. மலையிலிருந்து ஒரு கொல்லன் இறங்கி வந்ததாகவும், இரும்பு மனிதனின் மார்பைத் திறந்து உயிர்ப்பித்ததாகவும், அவன் எழுந்து வீரனை வணங்கியதாகவும் நானே சொல்லி முடித்தேன். பழக்கத்தின் மேல் மட்டும் பழியைப் போட மாட்டேன். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு அந்தச் சாவைச் சொல்ல என்னால் ஆகவில்லை.

"கருத்தப் படி" என்றாய். நெட் வரவில்லை என்றேன். ஆக, பொய் இரண்டாயிற்று. இன்னும் ஐந்து பாகங்களுக்கு அந்த இரும்பு மனிதனை நானே நடத்திச் செல்ல வேண்டியிருக்கும் என்பது வீட்டுக்கு வந்த பிறகே உறைத்தது.

அடுத்த ஞாயிறு எனக்குத் திருக்கனூரில் மார்கழி வாசிப்பு. திங்கள் காலை திருநீற்றுப் பொட்டலத்தோடு உன் வீட்டுக்கு வந்தேன். உன் மகள் வேலைக்குப் போயிருந்தாள். நீ கட்டிலில் சாய்ந்து, ரேடியோவை மடியில் வைத்திருந்தாய்.

"இரும்பாளு நல்லாக்கறானா?" என்று கேட்டாய்.

"நல்லாக்கறான்."

"நேத்து பாப்பாவ உட்டு கருத்தப் படிக்கச் சொன்னேன். ஊரே அழுவுது, அவன் செத்துட்டான்னு. நீ மட்டும் எழுப்பி உட்டுக்கற."

வாசிப்பு முறையை எடுத்துச் சொன்னேன். நீ என் பெயரைச் சொல்லி அழைத்தாய்.

"அத ஒன் கோயில்ல வச்சிக்க. நான் என் கண்ண ஒங்கிட்ட குடுத்துக்கறேன். கண்ணு பொய் சொன்னா நான் யார்கிட்ட போய் கேப்பேன்?" ரேடியோவைப் பாடவிடாமல் அதன் திருகு பொத்தானை முன்னும் பின்னும் திருப்பிக்கொண்டிருந்தாய். பிறகு, குரல் உயராமல், "டாக்டரு இன்னா சொன்னாரு? பாப்பா ஒங்கிட்ட சொல்லிக்கும். அதுலயும் எதனா எழுப்பி உட்டியா?" என்றாய்.

உன் மகளுக்குத் தலையசைத்தவன் நான். உன் எதிரில் அமர்ந்திருந்தவனும் நான். எத்தனையோ சாவுகளுக்குப் பொருள் சொல்லியிருக்கிறேன்; அந்த நேரத்தில் ஏட்டுத் தமிழ் ஒரு சொல்கூட உதவிக்கு வரவில்லை. "கிட்னி ரெண்டும் நின்னுகினு வருதாம்பா. மாசக் கணக்குதான்னு சொன்னாங்களாம்" என்றேன்.

நீ தலையை மட்டும் ஆட்டினாய். லைன் எங்கே அறுந்தது என்று தெரிந்துகொண்ட மாதிரி இருந்தது அந்த அசைவு. வெளியே பால் வண்டி வந்து நின்று போனது.

"மீதி அஞ்சு பாகம் இருக்கு. வாரம் ஒண்ணுன்னு இழுக்காத. ரெண்டு ரெண்டா போட்டுட்லாம். மொதல்ல ஏழாவத திருப்பிப் போடு. இந்த வாட்டி உள்ளதச் சொல்லு."

போட்டேன், சொன்னேன். ஊர்மக்கள் கோட்டைக்குள் ஓடி வருகிறார்கள். கதவை மேலே தூக்கி வைக்கச் சக்தி இல்லை. இரும்பு மனிதன் தன் மார்பின் கம்பிகளைப் பிடுங்கிக் கதவின் பொறியோடு இணைக்கிறான். கடைசிப் பெண் உள்ளே வரும்வரை கதவு நிற்கிறது. அவன் கண் விளக்குகள் மங்குகின்றன, ஒன்று அணைகிறது, மற்றதும் அணைகிறது. தலைவனின் குரலும் அதோடு போகிறது. "அவ்வளவுதான்" என்றேன்.

"இருந்த கரண்ட்ட கதவுக்குக் குடுத்துட்டான்" என்றாய். "நல்ல வேலதான செஞ்சிக்கறான். இத ஏன்டா மறச்ச?"

பொங்கலுக்கு முன் பன்னிரண்டும் முடிந்தன. முடிந்த அன்றே உன் கருத்தை நீ சொல்லச் சொல்ல எழுதினேன். ஓரிடத்திலும் திருத்தக் கூடாது என்று கண்டிப்பு. "நான் லைன்மேன். கண்ணு தெரியாது. இத ஒருத்தர் பாத்து எனக்குச் சொன்னாரு. ஒரு எடத்துல தப்பா சொன்னாரு, அப்பறம் சரியா சொன்னாரு. கரண்ட் போனா போனதுதான்னு காட்டிக்கறாங்க, அது சரி. கத்தியால கப்பல வெட்றது எனக்கு ஓகே. அஞ்சுக்கு நாலு." ஒன்று ஏன் குறைந்தது என்று கேட்டேன். "அது நீ சொன்ன பொய்க்குப் புடிச்சிகினது" என்றாய்.

உன்னிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன் என்று உன் மகள் பத்து நாள் என்னோடு பேசவில்லை. பிறகு அவளே வந்தாள். மோட்டார் ஸ்டார்ட்டரின் பழுதை எப்படிப் பார்ப்பது, எந்தப் பத்திரம் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்றெல்லாம் அவளை அருகில் உட்காரவைத்து நீ சொல்லிக்கொடுத்திருக்கிறாய். எதற்கு இதெல்லாம் என்று கேட்காமலே அவளும் காதுகொடுத்திருக்கிறாள். ஒருநாள் வறுத்த மீன் வேண்டுமென்றாய். பிறவிச் சைவனான நான் தவளக்குப்பம் கூட்ரோட்டில் வரிசையில் நின்று வாங்கி, பொட்டலத்தை உடம்பில் படாமல் கையை நீட்டிப் பிடித்தபடி பேருந்தில் வந்தேன். அதைக் கேட்டு நீ சிரித்த சிரிப்பில் மீனைப் பாதிதான் தின்றாய்.

சித்திரை விழாவில் இம்முறையும் நான்தான் வாசித்தேன். விளக்குக் கட்ட வேறு ஆள் வந்திருந்தார். இளம்வீரன் வீழும் நாளில், வீழ்ந்த இடத்திலேயே வாசிப்பை நிறுத்தினேன். பக்கம் தவறிவிட்டதோ என்று தர்மகர்த்தா எட்டிப் பார்த்தார். முன்வரிசையில் ஒரு பெண், "பாவம், செத்துட்டான்" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னாள். வாசிப்பின் நடுவே ஊர் தன் கருத்தைச் சொல்லி நான் கேட்டது அதுவே முதல் முறை. அதன் பிறகுதான் மங்கலம் சொன்னேன்.

இப்போது அந்தப் பூனைப்படத்தாருக்குப் பதில் எழுத வேண்டும். "ஐயா சிவபதம் அடைந்துவிட்டார்" என்று முதலில் எழுதினேன். எங்கள் மரபில் அப்படித்தான் எழுதுவோம். பார்த்துக்கொண்டே இருந்தேன், அழித்துவிட்டேன். "ஐயா மாசியில் செத்துப்போனார். எழுதுவது, அவருக்குப் பார்த்துச் சொன்னவன். ரெண்டாவது சீசனை நான் பார்த்துக் கருத்து எழுதுகிறேன்" என்று எழுதி அனுப்பிவிட்டேன். இதை முடித்ததும் சந்தனத்தை மறுபடி நீர் விட்டு அரைக்க வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு மங்கலச் சொல் வர வேண்டும் என்று கை துடிக்கிறது. ஏட்டில் உள்ளது அவ்வளவுதான்: மாசியில் நீ செத்துப்போனாய். இங்கே நிறுத்துகிறேன்.