ஐந்து அங்குல ஸ்பீக்கரும் அக்காவின் குரலும்

பிப்ரவரி 3, திங்கள்

பாட்டு திரும்பி வந்துவிட்டது. குழந்தைகளுக்கான கதைகளை ஒலிப்புத்தகமாகப் போடுகிற கதைசொல்லி அம்மாள், தன் புதிய தொடருக்கு முகப்புப் பாட்டு கேட்டிருந்தார். போன வாரம் அனுப்பினேன். இன்று அவரிடமிருந்து குரல் செய்தி: "மெட்டு ரொம்பப் பிடிச்சிருக்கும்மா. ஆனா கார்ல போட்டா கதவெல்லாம் அதிருது. போன்ல போட்டா பாடுறவங்களையே காணோம். கிணத்துக்குள்ள இருந்து பாடுற மாதிரி இருக்கு. கொஞ்சம் சரி பண்ணிக் குடுங்க."

கண்ணாடிக்கடையில் லென்ஸ் தேய்த்துக்கொண்டே கேட்டேன். ஒரு ஓரம் கூடுதலாகத் தேய்ந்துவிட்டது. முதலாளி பார்த்தார், அதை எடுத்துத் தனியே வைத்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

வீட்டுக்கு வந்ததும் மாமாவின் காரில் போட்டுப் பார்த்தேன். அம்மாள் சொன்னது உண்மைதான். ஹெட்போனில் தேனாக ஓடிய பாட்டு, காரில் யாரோ பீப்பாயை உருட்டுகிற மாதிரி இருந்தது. இத்தனை நாளும் என் ஹெட்போன் எனக்கு ஆமாம் போட்டிருக்கிறது.

பிப்ரவரி 5, புதன்

இங்கேயாவது உண்மையை எழுத வேண்டும். பாடியது அக்கா.

அவளுக்கே தெரியாது. பாடியது தெரியும், அனுப்பியது தெரியாது.

பதினொரு வருடம் பள்ளியில் பாட்டு டீச்சராக இருந்தவள். இரண்டு வருடத்துக்கு முன்னால் கழுத்தில் ஆபரேஷன். கட்டி போனது, கூடவே குரலின் மேல்பாதியும் போனது. மிஞ்சியது தாழ்ந்த, ஓரத்தில் கரகரக்கிற குரல். அதே பள்ளியில் நூலகத்துக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டாள். வீட்டில் முணுமுணுப்பதைக்கூட விட்டுவிட்டாள்.

டிசம்பரில் நான்தான் கெஞ்சினேன். வேறு யாரையாவது பாட வைப்பதற்குமுன் மெட்டு நிற்கிறதா என்று பார்க்க ஒரே ஒரு தடவை. "பாத்து முடிச்சதும் அழிச்சிடணும்" என்றாள். பூம்பூம் மாடு மாதிரித் தலையாட்டினேன். அழிக்கவில்லை. எதிரொலியைக் குடம் குடமாக ஊற்றி, கரகரப்பை மூழ்கடித்து, அனுப்பிவிட்டேன்.

அவள் குரலில்தான் அந்தப் பாட்டு இருக்க வேண்டும் என்று தோன்றியது. அப்படியென்றால் ஏன் மூடினேன்?

பிப்ரவரி 8, சனி

இனி ஹெட்போனை நம்பிப் பயனில்லை. ஸ்டுடியோ மானிட்டர் வாங்கியாக வேண்டும். சாதாரண ஸ்பீக்கர் எதைப் போட்டாலும் கொஞ்சம் இனிப்புச் சேர்த்துத்தான் தரும். மானிட்டர் சேர்க்காது, குறைக்காது. தப்பு இருந்தால் தப்பென்று சொல்லும்.

காலையிலிருந்து இணையத்தில் படித்துப் படித்துக் கண் பூத்துவிட்டது. ஒருவர் எட்டு அங்குல ஸ்பீக்கருக்குக் குறைந்து வாங்குவது பாவம் என்கிறார். இன்னொருவர் சின்ன அறையில் எட்டு அங்குலம் வைப்பது அதைவிடப் பாவம் என்கிறார். ஆளாளுக்கு நாட்டாமை.

அறையை அளந்தேன். பத்தடிக்கு ஒன்பதடி. அதில் கட்டில், மேசை, அக்காவின் தையல் மிஷின். மேசை சுவரை ஒட்டித்தான் நிற்கும். பின்பக்கத்தில் காற்றுத் துளை இருக்கிற ஸ்பீக்கரைச் சுவரோடு ஒட்டி வைத்தால் பேஸ் என்கிற அடித்தொனி வீங்கிக் கேட்குமாம். ஆக, துளை முன்னால் இருப்பது நல்லது. அளவு மூன்றரை அல்லது ஐந்து அங்குலம். என் சேமிப்புக்கு எட்டுகிறவை என்று பார்த்தால் மூன்று ஜோடிதான் தேறுகிறது. நிம்மதி. கையில் காசு நிறைய இருந்திருந்தால் பைத்தியம் பிடித்திருக்கும்.

பிப்ரவரி 9, ஞாயிறு

மாமா, அக்காவின் கணவர், லிப்ட் மெக்கானிக், என் இசையின் ஒரே ரசிகர், டேப்பைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்.

"புது ஸ்பீக்கர்னா சும்மா அதிரணும்ல?"

"அதிரக் கூடாது மாமா."

"அப்போ பாட்டு இனிமையா இருக்குமா?"

"இனிமையாவும் இருக்காது. உள்ளது உள்ளபடி இருக்கும்."

டேப்பைச் சுருட்டினார். "அதுக்குத்தான் வீட்ல உங்கக்கா இருக்காளே. இன்னும் எதுக்கு செலவு?"

பிப்ரவரி 15, சனி

நடந்ததை நடந்தபடி எழுதப் பார்க்கிறேன்.

பெட்டியைத் தூக்க ஆள் வேண்டுமென்று அக்காவையும் கடைக்கு அழைத்துப் போனேன். கடைக்காரர் பொறுமைசாலி. மூன்று ஜோடியையும் ஒரே உயரத்தில் வைத்தார். எனக்கு அத்துப்படியான ஒரு பாட்டைப் போனில் ஓட விட்டேன். மூன்றரை அங்குலத்தில் அடித்தொனி கால்வாசிதான் கேட்டது. இரண்டாவது ஐந்து அங்குலம், பளபளவென்று, பாத்திரம் துலக்கிய மாதிரி. மூன்றாவதும் ஐந்து அங்குலம்தான். பார்க்கவும் கேட்கவும் பகட்டு இல்லை. ஆனால் கிதார்க் கம்பியில் விரல் உரசுவதுகூடத் தனியாகக் கேட்டது. அதில் லயித்து நின்றேன். பாட்டு முடிந்ததைக் கவனிக்கவில்லை.

போனில் அடுத்து வரிசையில் இருந்தது எங்கள் பாட்டு.

அக்காவின் குரல் கடை முழுக்க வந்தது. நான் போனை எடுக்கப் போனேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

கடைக்காரருக்கு என்ன தெரியும், பாவம். "நல்ல குரல்ங்க. ஆனா மேல என்னத்தையோ போட்டுப் போத்தி வச்சிருக்காங்க."

அக்கா அவரைப் பார்க்கவில்லை. என்னிடம் கேட்டாள்: "போத்தாதது இருக்கா?"

இருந்தது. போட்டேன். வேறென்ன செய்வது? வெறும் குரல். மூச்சு வாங்குவது, ஒரு இடத்தில் குரல் உடைந்து ஒட்டிக்கொள்வது, எல்லாம். அக்கா கையைக் கட்டிக்கொண்டு, பரீட்சை ஹாலில் மேற்பார்வைக்கு நிற்கிறவள் மாதிரி நின்று கேட்டாள்.

"அந்த ரெண்டாவதுல போடு."

போட்டேன். கரகரப்பின் மேல் மெருகு ஏறி இனிப்பாக வந்தது.

"இது நான் இல்ல" என்றாள். பிறகு மூன்றாவதைக் காட்டி, "இது நான். இதையே வாங்கு."

பஸ்ஸில் ஆளுக்கொரு பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தோம். வீடு வரைக்கும் அக்கா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிப்ரவரி 16, ஞாயிறு

அக்கா காபி வைத்துவிட்டுப் போனாள். சர்க்கரை போடவில்லை. பெட்டிகளை நான் பிரிக்கவில்லை.

பிப்ரவரி 18, செவ்வாய்

சாயங்காலம் வெங்காயம் நறுக்கிக்கொண்டே ஆரம்பித்தாள்.

"அழிச்சிடுன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்ன."

"அப்புறம்?"

"மனசு வரல."

"அனுப்புறதுக்கு மட்டும் வந்துச்சு." கத்தியை வைத்தாள். "அனுப்புனதைக்கூட விடுடி. மூடி அனுப்புனியே. வீட்டுக்கு ஆள் வந்தா, மூஞ்சி சரியில்லாதவளை உள்ள போன்னு சொல்ற மாதிரி. என் குரலுக்கு நான் வெக்கப்படலாம். நீ ஏண்டி வெக்கப்பட்ட?"

வெட்கம் இல்லை அக்கா, பயம் என்று சொல்ல நினைத்தேன். யாராவது உன்னை ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் தாங்க மாட்டேன் என்ற பயம். அழுதேன். வெங்காயத்தின் மேல் பழியைப் போடவும் முடியாது, நறுக்கியது அவள்.

"மூக்கைச் சிந்திட்டு அந்த தக்காளியை எடு" என்றாள்.

பிப்ரவரி 22, சனி

ஸ்பீக்கர் மேசை ஏறிவிட்டது. மாமா ரப்பர்த் துண்டுகள் வெட்டி அடியில் வைத்தார், மேசை அதிராமல் இருக்க. என் தலையும் இரண்டு ஸ்பீக்கரும் சம முக்கோணமாக வர வேண்டும், உச்சத் தொனி வரும் சின்ன வட்டம் காதுக்கு நேராக இருக்க வேண்டும் என்றேன். மனிதர் ரசமட்டம் எடுத்து வந்துவிட்டார். பழைய மெத்தையை மடித்து மூலையில் நிறுத்தினோம். அடித்தொனி அங்கேதான் போய்த் தேங்குகிறது.

பாட்டின் பழைய கலவையைப் போட்டேன். கேட்கச் சகிக்கவில்லை. எதிரொலி சேறு மாதிரி. இதையா அனுப்பினேன்?

அக்கா வாசலில் நின்று, "சுருதி எனக்கு மேல இருக்கு. ஒண்ணரைக் கட்டை இறக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

போய்விட்டாள். ஆனால் சொன்னாள்.

மார்ச் 1, சனி

பாடினாள். மதியம் மூன்றரைக்கு ஆரம்பித்து ஆறு தடவை. ஒவ்வொன்றையும் உட்கார்ந்து கேட்டாள். இரண்டாவது தடவைக்கு, "இந்த இடத்துல பழைய குரலைத் தேடிப் போறேன், கேக்குதா?" என்றாள். எனக்குக் கேட்கவில்லை. மறுபடி போட்டதும் கேட்டது.

ஆறாவது தடவையில் தேடவில்லை. இருக்கிற குரலிலேயே நின்றாள். நான் எதையும் ஊற்றவில்லை. பாடி முடித்ததும் மாமா மாடிப்படியிலிருந்து கைதட்டினார். வேலைக்குப் போயிருக்கிறார் என்றல்லவா நினைத்திருந்தோம்.

மார்ச் 6, வியாழன்

கார், போன், கண்ணாடிக்கடையின் ஓட்டை ரேடியோ. எல்லாவற்றிலும் போட்டுப் பார்த்தேன். எல்லாவற்றிலும் அக்கா அக்காவாகவே இருக்கிறாள். முதலாளி "யாரு பாடுறது?" என்றார். "எங்க அக்கா" என்றேன், கொஞ்சம் சத்தமாகவே.

அக்காவிடம் கேட்டுவிட்டுத்தான் அனுப்பினேன்.

மார்ச் 10, திங்கள்

கதைசொல்லி அம்மாள் பாட்டைப் பற்றி ஒரே வரிதான் சொன்னார்: "இப்போ பக்கத்துல உக்காந்து பாடுறாங்க." மீதிச் செய்தி முழுக்க வேறு விசாரணை. தொடரில் கிழட்டு ஆமை ஒன்று வருகிறதாம். அதற்குப் பாட்டும் வசனமும் இதே குரலில் முடியுமா?

அக்காவிடம் பயந்துகொண்டே சொன்னேன்.

"கிழட்டு ஆமையா?" என்றாள். முறைத்தாள். "ஆமை எத்தனை பாட்டு பாடுது?"

ஏப்ரல் 5, சனி

இதை மாடிப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். என் அறை, என் மேசை, என் ஸ்பீக்கர். உள்ளே அக்கா. ஆமைக்காக நேற்றுப் பாடியதைத் தனியாகக் கேட்க வேண்டுமாம், பக்கத்தில் நான் மூச்சு விட்டால்கூடக் காதில் விழுகிறதாம். இரண்டு தடவை தட்டிவிட்டேன்.

"அஞ்சு நிமிஷம் இருடி" என்கிறாள். முக்கால் மணி நேரமாக.