வெள்ளிக்கிழமை வண்டி

4 ஜூன் 2004, வெள்ளி

காலையிலும் சாயங்காலமும் ரயில் விடுகிறவர்களுக்கு நடுப்பகலில் மனிதர்கள் இருப்பதே ஞாபகமில்லை. தாம்பரம் ஆபீசில் என்னை மதிய ஷிப்டுக்கு மாற்றிவிட்டார்கள். எனக்கென்று இருப்பது பதினொன்றரை வண்டி ஒன்றுதான். அதை விட்டால் சாயங்காலம் வரை தண்டவாளத்தில் ஆடு மேயும். பஸ் எனக்கு ஆகாது, வாலாஜாபாத் வருவதற்குள் வாந்தி.

ரயில்வே போதாதென்று அப்பா வேறு. வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை ராகு காலமாம். பத்தரைக்கு முன்பே என்னை வீட்டைவிட்டுத் துரத்திவிட்டார். ஒரு மணி நேரம் ஸ்டேஷன் பெஞ்சில் வெயில் காய்ந்தேன்.

7 ஜூன்

கூட வேலை பார்க்கும் ஸஹானாவுக்குக் காலை ஷிப்ட். வண்டியில் நிற்கக்கூட இடமில்லை என்று குறைப்படுகிறாள். வண்டி என்று ஒன்று வருகிறதே, அம்மா தாயே!

11 ஜூன், வெள்ளி

அப்பாவின் புது யோசனை — பரஸ்தானம். "பையை மட்டும் பத்தரைக்குள்ள பக்கத்தாத்து அம்ருதவல்லி மாமிகிட்ட வெச்சுடறேன். பிரயாணம் அப்பவே கிளம்பினதா கணக்கு. நீ மெதுவா வா."

சமையலை முடித்துவிட்டுப் போகலாமே என்று நானும் தலையாட்டித் தொலைத்தேன். போய்ப் பார்த்தால் மாமி வீட்டைப் பூட்டிக்கொண்டு கோவிலுக்குப் போய்விட்டார்! சீசன் டிக்கெட், ஐடி கார்டு, தயிர்சாதம் எல்லாம் பூட்டின வீட்டுக்குள் பிரயாணம் செய்துகொண்டிருந்தன. வண்டி போய்விட்டது. ஆபீசுக்கு மட்டம்.

12 ஜூன்

மானேஜர் சாமுவேல் சார் கத்தவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது. "மாசக் கடைசியில உன்ன பர்மனென்ட் பண்ணணும்மா. இன்னொரு நாள் வராம இருந்தா நான் சொன்னாலும் மேல கேக்க மாட்டாங்க."

அப்பாவிடம் சொன்னேன். பஞ்சாங்கத்தைப் புரட்டுகிறார். என்ன மனுஷரோ!

18 ஜூன், வெள்ளி

மறுபடி பெஞ்ச். வண்டியும் லேட்.

25 ஜூன், வெள்ளி

இன்றைக்குப் பொறுக்கவில்லை. "பெஞ்சும் வேண்டாம், பரஸ்தானமும் வேண்டாம். பதினொரு மணிக்குத்தான் கிளம்புவேன்" என்று கத்தினேன். பதினொன்று அடித்ததும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். அப்பா வாசற்படிக்கு உள்ளேயே நின்று "ஸுபத்ரா, ஸுபத்ரா" என்று கூப்பிட்டார். திரும்பவே இல்லை.

ஸ்டேஷனில் பையைத் திறந்தால் ஐடி கார்டு இல்லை. அது இல்லாமல் ஆபீசுக்குள் விடமாட்டார்கள். திரும்பிப் போனால் வண்டி போய்விடும். இதற்காகவா இத்தனை பாடு? வண்டியில் ஏறி உட்கார்ந்து, எல்லோர் எதிரிலும் அழுதேன்.

ஜன்னல் பக்கம் "அடியே!" என்று ஒரு குரல். அப்பா! சட்டைகூடப் போடாமல், மேல்துண்டோடு, மூச்சு வாங்க ஓடிவந்து கார்டை நீட்டினார். எனக்குத் தெரியாமல் காலையிலேயே அதைப் பையிலிருந்து எடுத்து, மாமி வீட்டில் வைத்து, பரஸ்தானம் பண்ணியிருக்கிறார். அதைச் சொல்லத்தான் கூப்பிட்டிருக்கிறார்.

திட்ட வாயெடுத்தேன். ஸ்டேஷன் கடிகாரம் கண்ணில் பட்டது; இன்னும் பன்னிரண்டு ஆகவில்லை. ராகு காலத்தில் மருந்து வாங்கக்கூட வாசல் தாண்டாத மனுஷர் அவர்.

2 ஜூலை, வெள்ளி

நேற்று பர்மனென்ட் ஆர்டர் வந்துவிட்டது. இன்று பதினொரு மணிக்கு அப்பாவே சைக்கிளை வெளியே எடுத்தார். "பின்னாடி உக்காரு. வெயில் கொளுத்தறது." பஞ்சாங்கம் அலமாரியிலேயே கிடந்தது.

வண்டி இன்றைக்கும் லேட். அப்பா என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து, அது வருகிற வரைக்கும் ரயில்வேயைத் திட்டினார்.