நிரப்பு நிலையத்தின் துடைப்பங்களைத் திரும்பக் கேட்டு

அனுப்புநர்
ஹைட்ரஜன் நிரப்பும் பணியாளர் (பகல் முறை),
பின்வாசல் நிரப்பு நிலையம்,
பேருந்துப் பணிமனை.

பெறுநர்
தலைவர் அவர்கள்,
எரிபொருள் மாற்றம் குறித்த பொது விசாரணைக் குழு,
நகராட்சி மாளிகை, முதல் மாடி.

பொருள்: பணிமனை மேலாளர் தம் அறையில் வைத்துப் பூட்டியிருக்கும் துடைப்பங்களை, விசாரணை நாள்வரை காத்திராமல் உடனே திருப்பித் தர உத்தரவிடக் கோருதல் - தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

பொருளைப் படித்ததும் தாங்கள் சிரித்திருக்கலாம். என் மனைவியும் சிரித்தாள். "வீட்டுல துடைப்பத்த எடுங்கன்னா ஆயிரம் சாக்கு. இப்ப அதுக்கு மனு வேறயா?" என்று கேட்டாள். காரணத்தைச் சொன்ன பிறகு அவள் சிரிக்கவில்லை. அந்தக் காரணத்தைத் தங்கள் பார்வைக்கும் வைக்கிறேன்.

எங்கள் பணிமனையில் சில பேருந்துகள் டீசலை விட்டு ஹைட்ரஜனில் ஓடுகின்றன. அவற்றுக்கு வாயு நிரப்புவது என் வேலை. இதற்கு முன் டீசல் பம்பில் இருந்தேன். அங்கே மூக்கைத் துடைத்தால் கைக்குட்டை கறுத்துப்போகும். இந்த வண்டியின் புகைக்குழாயிலிருந்து வருவதோ வெறும் நீராவி. முதல் நாள் அதன் அடியில் என் சாப்பாட்டு டப்பாவின் மூடியைப் பிடித்துப் பார்த்தேன். துளித்துளியாக நீர் கோத்துக்கொண்டது. ஊரெல்லாம் ஓடி முடித்த வண்டி தண்ணீர் சொட்டிக்கொண்டு நிற்பதை இன்றைக்கும் வேலை மெனக்கெட்டு நின்று பார்க்கிறேன். எனக்கு அலுக்கவே இல்லை.

இந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. கசிந்து தீப்பிடித்தால், பகல் வெளிச்சத்தில் அந்தத் தீ கண்ணுக்குத் தெரிவதில்லை. புகை கிடையாது. மிகவும் நெருங்கும்வரை அனலும் அவ்வளவாக அடிக்காது. தீயைக் கண்டுபிடிக்கும் கருவிகள் கூரையில் இருக்கின்றன. ஆனால் வாயு உருளைகளுக்குப் பின்னால் உள்ள குறுகிய சந்து அவற்றின் பார்வைக்கு எட்டாது. ஒவ்வொரு முறை நிரப்பும் முன்பும் உருளைகளைத் திறந்துவிட அங்கே போகும்போது, நீளமான கம்பில் கட்டிய காய்ந்த துடைப்பத்தை முன்னால் நீட்டியபடி நடக்க வேண்டும். துடைப்பம் பற்றிக்கொண்டால் அப்படியே நின்றுவிட வேண்டும். இது நாங்களாகக் கண்டுபிடித்த உபாயம் அல்ல. எங்களுக்குப் பயிற்சி கொடுத்த பொறியாளர் அம்மா, தாமே நடந்து காட்டிச் சொல்லிக்கொடுத்த முறை.

சென்ற மழைக்காலம் முடிந்த சமயம், ஒரு நண்பகலில் நானும் என் மைத்துனரும் அந்தச் சந்துக்குள் போனோம். என் மனைவியின் தம்பியான அவர் அதே நிலையத்தில் குழாய் பொருத்துபவர். 'உஸ்' என்று ஒரு சீற்றம் கேட்டது. துடைப்பம் அவர் கையில் இருந்தது. அடுத்த அடி வைத்ததும் அதன் நுனி பற்றி எரிந்தது. எதிரே ஒன்றுமே இல்லை, அம்மையீர். சுவர், குழாய், வெயில், அவ்வளவுதான். வெட்டவெளியில் துடைப்பம் தானாக எரிகிறது. "மாமா, அசையாதீங்க" என்றார் மைத்துனர்.

பின்வாங்கிப் போய், சந்துக்கு வெளியே உள்ள தலைமை வால்வை மூடினோம். சீற்றம் அடங்கியது. திரும்பி வந்து பார்த்தால், பக்கத்தில் நிழலில் குளிர்ந்திருந்த இரும்புத் தூணில் நீர்த்துளிகள் பூத்திருந்தன. எரிந்தது நெருப்பு, அது விட்டுப்போனது தண்ணீர். எனக்குப் பயம் இல்லாமல் இல்லை. ஆனால் பயத்தைவிடப் பெரிய ஒன்று வந்தது. இப்படியும் ஒன்று உலகத்தில் இருக்கிறது, அதன் பக்கத்தில் நிற்க என்னையும் வேலைக்கு வைத்திருக்கிறார்கள் என்று மலைத்துப்போனேன். அந்த மலைப்பு இன்னும் தீரவில்லை.

இந்த வாயுவைப் பற்றி ஊரே இரண்டுபட்டுக் கிடப்பது தாங்கள் அறிந்ததே. எல்லாப் பேருந்தையும் இதற்கே மாற்ற வேண்டும் என்கிறார்கள் ஒரு சாரார். இந்த வாயுவையே பூமியிலிருந்து எடுக்கும் எரிவாயுவிலிருந்துதானே செய்கிறீர்கள், மின்சாரத்தைச் செலவழித்து இதைச் செய்வதைவிடப் பேட்டரியில் நேராக ஏற்றினால் என்ன என்கிறார்கள் இன்னொரு சாரார். ஓட்டுநர்களின் ஓய்வறையில் நாற்காலி பறக்காத குறைதான். எங்களுக்கு ஹைட்ரஜன் கொண்டுவரும் லாரி டீசல் புகையைக் கக்கிக்கொண்டுதான் வருகிறது. அதை நான் மறைக்க மாட்டேன். எது சரி என்று முடிவு செய்யத் தங்கள் குழு இருக்கிறது. அதில் நான் மூக்கை நுழைக்கவில்லை.

தங்கள் குழு நிலையத்தைப் பார்வையிட வருகிறது என்று தெரிந்ததும் மேலாளர் சுவருக்கு வெள்ளையடித்தார், துடைப்பங்களை எடுத்துப் பூட்டினார். "எதிர்காலத்தக் காட்டுறோம்னு கூப்பிட்டுட்டு விளக்குமாத்தோட நின்னா ஊரே சிரிக்காது?" என்றார். தீயைக் காட்டும் கைக்கருவி ஒன்று வாங்கக் கேட்டிருக்கிறாராம். வரட்டும், சந்தோஷம். வரும்வரை என்ன செய்வது என்று கேட்டோம். "கொஞ்சம் பாத்து நடங்கப்பா" என்றார். கண்ணுக்குத் தெரியாததை எப்படிப் பார்த்து நடப்பது என்று அவரிடம் கேட்க வாய் வரவில்லை. தங்களிடம் கேட்கிறேன்.

அவர் கெட்டவர் அல்லர். எதிர்த்தரப்பார் துடைப்பத்தைக் கண்டால் அதையே பிடித்துக்கொள்வார்கள் என்ற பயம் அவருக்கு. என் வீட்டுத் துடைப்பத்தைக் கொண்டுபோனேன். அதையும் வாசல் காவலர் வாங்கி வைத்துக்கொண்டார். இரண்டு நாளாக என் வீடு பெருக்காமல் கிடக்கிறது. சந்துக்குள் போக மாட்டோம் என்று நாங்கள் மறுத்தால் பேருந்துகள் நின்றுவிடும். நின்றால் ஹைட்ரஜன் தோற்றுவிட்டது என்று பேசுவார்கள். அந்தப் பேச்சைக் கேட்க எனக்கு மனமில்லை. அதனால் போய்க்கொண்டுதான் இருக்கிறோம்.

ஆகவே துடைப்பங்களை இன்றே எங்களிடம் ஒப்படைக்க ஆணையிடுமாறு வேண்டுகிறேன். குழு வரும் நாளில் அவை யார் கண்ணிலும் படும்படி அவற்றின் இடத்திலேயே இருக்கட்டும். இந்த மனுவை ஹைட்ரஜனுக்கு எதிரான சாட்சியாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்றும் கேட்டுக்கொள்கிறேன். அதன் மேல் எனக்குள்ள மரியாதையால்தான் எழுதுகிறேன்.

இன்றே என்று நான் அவசரப்படுவதற்குக் காரணம், நேற்று நடந்தது. சந்தின் முனையில் மைத்துனர் என்னைத் தடுத்து நிறுத்தினார். "நீங்க பின்னால வாங்க மாமா. உங்களுக்கு ஒண்ணுன்னா அக்கா மூஞ்சில நான் முழிக்க முடியாது" என்றார். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டு, துடைப்பம் இருக்க வேண்டிய இடத்தில் தம் வலது கையை நீட்டி, விரல்களை விரித்து, அடிமேல் அடி வைத்து நடந்தார். அவருக்குப் பின்னால் நான் நடந்தேன்.

தங்கள் ஆணைக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
ஹைட்ரஜன் நிரப்பும் பணியாளர்

இடம்: பணிமனைக் குடியிருப்பு
நாள்: இம்மாதம் பதினான்காம் தேதி