வாசலை மூடிய புல்

மைசூர், 1936. பங்குனி, வெள்ளி இரவு.

தூக்கம் வரவில்லை. காலையில் நடந்ததை எழுதினால் வருமோ என்னவோ.

கல்யாணத்துக்கு முன்பே வீட்டு முன்புறம் முழுக்கப் புல் வளர்த்துவிட்டேன். கோரையைக் கிழங்கோடு பிடுங்கினேன். விடியற்காலையில் நீர்விட்டேன். ஒருநாளும் ஒட்ட வெட்டியதில்லை. படிக்கல் வரைக்கும் ஒரே பச்சை. ருக்மிணி இந்த வீட்டுக்கு வந்து பத்து நாள்கூட ஆகவில்லை. தினமும் சொம்புத் தண்ணீரோடு படியில் நிற்கிறாள், உள்ளே திரும்பிவிடுகிறாள். ஏன் என்று நான் கேட்டதில்லை.

இன்று பால்காரி கேட்டாள்: "ஏனம்மா, வாசல்ல ரங்கோலியே காணோம்? வீட்டுல யாரானும் தவறிட்டாங்களா?"

ருக்மிணியின் முகம் வெளுத்துவிட்டது. என்னிடம் வந்தாள்.

"இந்த ஆத்துக்கு வாசலே இல்லையே. படிக்கிட்ட நாலடி புல்லை எடுத்துடலாமா?"

"வராந்தா சிமெண்ட்ல போடேன். பால்காரி பேசறாள்னு ஒரு வருஷ உழைப்பைத் தோண்டணுமா?"

"வேண்டாம். உங்க புல்லு நன்னா இருக்கட்டும். நான் நாளைக்கு மேல்கோட்டைக்கு, எங்கப்பா ஆத்துக்குப் போறேன்."

எப்போது திரும்புவாய் என்று கேட்டேன். புடவைகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டே, "பார்க்கலாம்" என்றாள்.

இந்த வெயிலில் தோண்டினால் ஓரமெல்லாம் காய்ந்துவிடுமே என்று இப்போதும் மனம் கணக்குப் போடுகிறது. வெட்கமாக இருக்கிறது.

உள்ளே வளையல் சத்தம். அவளும் தூங்கவில்லை. கோலத்துக்கு நாலடி போதுமா என்று போய்க் கேட்கலாம். முதல் பஸ்ஸுக்கு முன்னால் கேட்டுவிட வேண்டும்.