சுபாவின் காது

மார்கழி 9, வியாழன்

மத்தியானம் வாவிக்கு அக்கரையில் இருக்கும் ராணுவ முகாமிலிருந்து ஷெல் புறப்படும் சத்தம் கேட்டது. அது வந்து விழுமுன் பங்கர் குழிக்குள் இறங்கிவிட வேண்டும். கத்தினேன். மகள் சுபா கிணற்றடியில் துணி அலசிக்கொண்டே இருந்தாள். காதில் இயர்போன்கூட இல்லை. ஓடிப்போய் இழுத்து வந்தேன். ஷெல் வயல் பக்கம் விழுந்தது.

"கேக்கல்லையா, புள்ள?"

"இல்லம்மா. கொஞ்ச நாளா ரெண்டு காதும் ஒரே இரைச்சல். சொன்னா வோக்மனைப் பறிச்சிருவீங்க எண்டுதான் சொல்லல்ல."

ஷெல்லுக்கு நடுங்கிய பிள்ளைக்குப் பாட்டுக் கேட்க வோக்மன் வாங்கிக் கொடுத்தது நான். "வெடிச் சத்தம் கேக்காத அளவுக்குக் கூட்டி வை, மகள்" என்றதும் நான். தீர்ந்த பற்றரிகளை வெயிலில் காயவைத்துக் கொடுத்ததும் நான்தான். இரவெல்லாம் அதைக் காதில் வைத்தே தூங்கினாள். அந்தச் சத்தமும் காதைக் கெடுக்கும் என்பது படித்தவளான எனக்குத் தோன்றவேயில்லை.

வோக்மனை அலுமாரியில் பூட்டினேன்.

"அப்ப எனக்கும் சேத்து நீங்களே கேளுங்க" என்று சிரித்தாள்.

கேட்பேன். நான் பக்கத்தில் இல்லாத நேரத்தில்?

இப்போது தூங்குகிறாள். ஷெல் சத்தம் கேட்டால் இழுத்து எழுப்ப, என் சேலைத் தலைப்பை அவள் மணிக்கட்டில் கட்டியிருக்கிறேன். எழுத எழுத அது இழுபடுகிறது. அவள் புரண்டு படுக்கிறாள். இன்னும் எழுதினால் எழுப்பிவிடுவேன். போதும்.