முன்பாதி

என் அன்பே,

எனக்கு ஒரு காயமும் இல்லை.

டன்கர்க், மால்டா சண்டைகளில் தப்பிய எங்கள் நாசகாரிக் கப்பல், செவ்வாய்க்கிழமை காலை நார்வேக் கடலில் கண்ணிவெடியில் மோதி இரண்டாகப் பிளந்தது. நான் இருந்த பின்பாதியை இழுத்துவந்து கரை சேர்த்துவிட்டார்கள். உன் தம்பி கிளெம் முன்பாதியில் இருந்தான்.

அது தனியாக மிதந்து போகும்போது அவன் என்னைப் பார்த்துக் கையாட்டினான். "அத்தான், எங்களை விட்டுட்டு எங்க ஓடுறீங்க? டீ ஆறிடும், சீக்கிரம் வாங்க!" என்று கத்தினான். நாங்கள் சிரித்தோம். ஆமாம், சிரித்தோம். அவ்வளவு நிமிர்ந்து மிதந்தது அது.

அவர்களை அழைத்துவரப் படகை இறக்கினோம். நானும் துடுப்புப் போட்டேன். பாதி தூரத்தில், சுக்கான் பிடித்திருந்தவர், "ஐயோ, எங்கடா போச்சு?" என்றார். திரும்பிப் பார்த்தேன். கடல் மட்டும் இருந்தது. ஒரு சத்தம்கூடக் கேட்கவில்லை.

அந்த இடத்தையே சுற்றிச் சுற்றி வந்தோம். ஒரு தொப்பிகூட மேலே வரவில்லை.

'காணவில்லை' என்றுதான் தந்தி வரும். உன் அம்மா அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார். அப்படி விட்டுவிடாதே. அங்கே யாரும் மிஞ்சவில்லை என்பதை நானே பார்த்தேன் என்று சொல். அவன் சிரித்துக்கொண்டிருந்தான் என்பதையும் சொல்.

உன் கணவன்